ஏழு வானங்களும் வளிமண்டலத்தின் அடுக்குகளும்: நாம் கைவிட வேண்டிய ஒரு வாதம்



பல ஆண்டுகளாக நம் பயான் மேடைகளிலும், மதரஸா ஆண்டு விழாக்களிலும், வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு செய்தி ஓயாமல் சுற்றி வருகிறது. "திருக்குர்ஆன் ஏழு வானங்களைப் பற்றிக் கூறுகிறது. பூமியைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தில் ஏழு அடுக்குகள் இருப்பதை இன்றைய அறிவியல் கண்டுபிடித்துவிட்டது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் இதை யார் அறிவித்திருக்க முடியும்?" என்பதே அந்தச் செய்தி. வண்ணப் படத்துடன் வருகிறது, ஏழு கோடுகள், ஏழு பெயர்கள், கீழே "சுப்ஹானல்லாஹ்! பகிருங்கள்" என்ற வேண்டுகோள்.

இந்த வாதத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அது அறிவியலுக்கு ஒவ்வாதது. அதைவிட முக்கியமாக, அது குர்ஆனுக்கே ஒவ்வாதது. அதற்கும் மேலாக, நாம் உண்மையில் விசாரிக்கப்படப்போகும் ஓர் அடுக்கிலிருந்து நம் பார்வையை அது திருப்பிவிடுகிறது.

எண்ணிக்கை எப்படி ஏழானது?

நம் பிள்ளைகளின் பள்ளிப் பாடநூலை எடுத்துப் பாருங்கள். வெப்பநிலை மாறும் விதத்தை அடிப்படையாகக் கொண்டு வளிமண்டலம் ஐந்து அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு. கீழடுக்கில் உயரம் கூடக்கூட வெப்பம் குறைகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ். நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் அது ஏறத்தாழ 16, 17 கிலோமீட்டர் வரை உயர்ந்திருக்கிறது. துருவங்களில் 8 கிலோமீட்டர் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் சுமார் 50 கிலோமீட்டர் வரையுள்ள மீள் அடுக்கில் வெப்பம் மீண்டும் ஏறுகிறது. அங்குள்ள ஓசோன் சூரியனின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுவதே காரணம். இடையடுக்கில் மறுபடியும் இறங்குகிறது. வெப்ப அடுக்கில் மறுபடியும் ஏறுகிறது.

ஐந்தை ஏழாக்கியது எப்படி? ஓசோன் படலத்தையும் அயனி மண்டலத்தையும் தனி அடுக்குகளாக எண்ணித்தான். ஆனால் ஓசோன் படலம் மீள் அடுக்குக்கு உள்ளேயே இருக்கிறது. அயனி மண்டலம் இடையடுக்கின் மேற்பகுதியிலும் வெப்ப அடுக்கிலும் பரவியிருக்கிறது. ஐந்து அறைகள் கொண்ட வீட்டில், சமையலறை அலமாரியை ஆறாவது அறையாகவும் கூடத்து ஊஞ்சலை ஏழாவது அறையாகவும் எண்ணுவது போன்ற கணக்கு இது.

அந்த ஐந்தும்கூட மனிதன் வகுத்துக்கொண்ட ஒரு பகுப்புதான். வெப்பநிலைக்குப் பதிலாக வாயுக்களின் கலவையை அளவுகோலாகக் கொண்டால் வளிமண்டலம் இரண்டே பகுதிகளாகிறது: சுமார் 100 கிலோமீட்டர் வரை வாயுக்கள் ஒரே விகிதத்தில் கலந்திருக்கும் பகுதி, அதற்கு மேல் எடைக்கேற்ப அவை பிரிந்து நிற்கும் பகுதி. பிரான்சு நாட்டின் தெய்ஸரான் து போர் என்ற அறிஞர் நூற்றுக்கணக்கான பலூன்களை அனுப்பி, மேலே வெப்பநிலை குறையாத ஒரு பகுதி உண்டு என்று 1902இல் அறிவிக்கும்வரை, மீள் அடுக்கு என்ற பேச்சே இல்லை. மனிதர் வசதிக்காக வகுத்த, நாளை மாறக்கூடிய ஒரு பட்டியலோடு அல்லாஹ்வின் மாறாத வார்த்தையை ஆணியடித்துப் பொருத்துவது குர்ஆனுக்குச் செய்யும் மரியாதையா?

குர்ஆனே மறுக்கும் வாதம்

அறிவியலை ஒருபுறம் வைப்போம். குர்ஆனைத் திறப்போம். ஏழு வானங்கள் அடுக்கடுக்காகப் படைக்கப்பட்டதை அல் முல்க் அத்தியாயத்தின் மூன்றாம் வசனம் (67:3) கூறுகிறது. பகிரப்படும் படங்களில் இவ்வசனம்தான் இடம்பெறும். ஆனால் இரண்டு வசனங்கள் தள்ளி (67:5) என்ன கூறப்படுகிறது? மிக அருகிலுள்ள வானத்தை விளக்குகளால் அல்லாஹ் அலங்கரித்திருக்கிறான் என்று கூறப்படுகிறது. இதே செய்தி 41:12 வசனத்திலும் வருகிறது. 37:6 வசனம் அந்த அலங்காரம் நட்சத்திரங்களே என்று தெளிவாக்குகிறது.

இப்போது சிந்தியுங்கள். விளக்குகளான நட்சத்திரங்கள் அனைத்தும் முதல் வானத்தின் அலங்காரம். அந்த முதல் வானம் வளிமண்டலத்தின் கீழடுக்கு என்றால், நட்சத்திரங்கள் நம் தலைக்கு மேல் 17 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும்! சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரத்திலிருந்து ஒளி வந்து சேரவே நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவ்வாறே 71:15, 16 வசனங்கள் ஏழு வானங்களைக் குறிப்பிட்டு, அவற்றில் சந்திரனை ஒளியாக அமைத்ததைக் கூறுகின்றன. சந்திரனோ சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது; எந்தப் படத்தின் ஏழாவது கோடும் அதை எட்டுவதில்லை.

மிஃராஜ் பற்றிய ஸஹீஹான ஹதீஸ்களையும் நினைவுகூருங்கள். முதல் வானத்தில் ஆதம் (அலை), ஆறாம் வானத்தில் மூஸா (அலை), ஏழாம் வானத்தில் இப்ராஹீம் (அலை) ஆகியோரை நபி (ஸல்) அவர்கள் சந்தித்தார்கள். ஒவ்வொரு வானத்தின் வாயிலிலும் அனுமதி கேட்கப்பட்டது. வளிமண்டலத்தின் அடுக்குகளே இவ்வானங்கள் என்றால், வானிலைத் துறையினர் சென்னை மீனம்பாக்கத்திலிருந்து அனுப்பும் பலூன்கள் அன்றாடம் "இரண்டாம் வானத்துக்கு"ச் சென்று வெடித்து விழுகின்றன. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், வெப்ப அடுக்கில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2000ஆம் ஆண்டு முதல் மனிதர் தங்கி வருகின்றனர். அவர்கள் "ஐந்தாம் வானத்தின்" குடிமக்களா? மிஃராஜை நம்பும் ஒருவர் இந்த வாதத்தை எப்படி வாய்விட்டுச் சொல்ல முடியும்?

"அரபியில் 'ஸமாஃ' என்ற சொல் மேலே இருப்பவை அனைத்தையும் குறிக்குமே, மழை இறங்குவதும் வானத்திலிருந்து என்றுதானே குர்ஆன் கூறுகிறது?" எனச் சிலர் கேட்பர். உண்மை. ஒருமையில் வரும் அச்சொல்லுக்கு மேகம், மேற்பகுதி என்ற பொருள்களை முஃபஸ்ஸிர்கள் இடமறிந்து கொடுத்துள்ளனர். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் "ஏழு வானங்கள்" என்று எண்ணிக்கையோடு வரும்போது, நட்சத்திரங்கள் அவற்றுள் மிக அருகிலுள்ளதன் அலங்காரம் என்று குர்ஆனே எல்லை வகுத்துவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டிப் பொருள் கொள்ள நமக்கு உரிமை இல்லை. ஏழு வானங்களின் உண்மை நிலையை அல்லாஹ் அறிவான். நாம் அவற்றை நம்புகிறோம். அறிவு இல்லாத ஒன்றைப் பின்தொடராதே என்ற 17:36 வசனத்தின் கட்டளை நமக்கும்தான்.

"மக்கள் ஈமான் கொள்கிறார்களே!"

இறுதியாக எஞ்சும் சமாதானம் இதுதான்: "சிறு பிழை இருந்தாலும் இதனால் நாலு பேர் ஈமான் கொள்கிறார்கள், அதைக் கெடுப்பானேன்?" இக்கேள்விக்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே பதில் இருக்கிறது. அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்தக் குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசத் தொடங்கினர். மக்களின் நம்பிக்கையை வளர்க்க இதைவிட எளிய வாய்ப்பு கிடைக்குமா? மௌனமாக இருந்திருந்தாலே போதும். ஆனால் அல்லாஹ்வின் தூதர் மௌனமாக இருக்கவில்லை. தொழுகை நடத்தினார்கள், பின்னர் உரையாற்றினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று விளக்கினார்கள். மகனை அடக்கம் செய்த துயரத்திலும், தம் பெயருக்குப் பெருமை சேர்க்க வந்த பொய்யான அற்புதத்தை அவர்கள் ஏற்கவில்லை. அந்த நபியின் உம்மத்தாகிய நாம் பொருந்தாத அற்புதங்களைத் தேடித் தேடிப் பகிர்வது எந்த சுன்னத்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இதே கிரகணத்தை எடுத்துக்காட்டித்தான் தத்துவவாதிகளுக்கு எதிரான தம் நூலின் முன்னுரையில் எச்சரித்தார்கள். கணக்கால் நிறுவப்பட்ட ஒன்றை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான். முறையின்றி மார்க்கத்துக்கு உதவ வருபவனால் விளையும் கேடு, எதிர்ப்பவனால் விளைவதைவிடப் பெரியது என்பது அவர்களின் கருத்து. கிரனாடாவின் இமாம் ஷாத்திபி (ரஹ்) அவர்கள், எல்லாக் கலைகளையும் குர்ஆனுக்குள் ஏற்றிக் காட்ட முயல்வோரை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டித்துள்ளார்கள்.

இதன் விளைவை நம் வீடுகளிலேயே காண முடியும். நம் மகனும் மகளும் காட்பாடியிலும் வேலூரிலும் சென்னையிலும் பொறியியலும் மருத்துவமும் இயற்பியலும் பயில்கின்றனர். பத்து வயதில் மதரஸாவில் கேட்ட "ஏழு அடுக்கு அற்புதம்" பதினெட்டு வயதில் வகுப்பறையில் உடைகிறது. உடைந்தது ஒரு பேச்சாளரின் வாதம் மட்டுமே. ஆனால் குர்ஆனே உடைந்ததாக அந்த இளம் உள்ளம் எண்ணிவிட்டால், அதற்கு யார் பொறுப்பு? ஈமானுக்கு முட்டுக் கொடுப்பதாக எண்ணி, உளுத்த மரத்தை நட்டு வைக்கிறோம்.

நம் முன்னோர் வானை நோக்கிய விதம்

மார்க்கத்துக்கும் வளிமண்டலத்துக்கும் தொடர்பே இல்லை என்று நாம் கூறவில்லை. தொடர்பு அன்றாடம் ஐவேளையும் இருக்கிறது. காற்றே இல்லாத உலகில் வைகறையே இல்லை. சூரியன் எழும் நொடிவரை கும்மிருட்டு, பின்னர் திடீர் வெளிச்சம். அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனின் ஒளியை மேலே உள்ள காற்று சிதறடிப்பதால்தான் ஃபஜ்ரின் வெண்மை தோன்றுகிறது. மஃரிபுக்குப் பின் செம்மை நிலைக்கிறது. இஷா எப்போது தொடங்குகிறது என்பதில், செம்மை மறைவதை இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும், அதன் பின்வரும் வெண்மை மறைவதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் எல்லையாகக் கொண்டார்கள். வளிமண்டலத்தின் ஒளிச்சிதறலை உற்று நோக்கி எழுந்த ஃபிக்ஹு சட்டம் அது.

அந்த நோக்கு அறிவியலாகவும் மலர்ந்தது. பதினோராம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த காழியும் கணித மேதையுமான இப்னு முஆத் அல் ஜய்யானி, வைகறை ஒளியைக் கொண்டே வளிமண்டலத்தின் உயரத்தைக் கணக்கிட முயன்றார். சூரியன் அடிவானத்துக்குக் கீழே சுமார் 18 பாகையில் இருக்கும்போது முதல் வெளிச்சம் தெரிகிறது. அப்போது பூமியை உரசி மேலே செல்லும் கதிர் எந்த உயரத்தில் உள்ள ஆவியைத் தொட்டால் அது நம் கண்ணுக்குத் தெரியும் என்பதே அவரது கேள்வி. விடை ஏறத்தாழ 50 மைல். இன்றும் பல தொழுகை நேர அட்டவணைகள் அந்த 18 பாகையைக் கொண்டே ஃபஜ்ரைக் கணிக்கின்றன. நம் பகுதியில் அது சூரிய உதயத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் முன்னதாக வருகிறது. வானத்தில் அற்புதம் தேடி அவர் வசனத்தை வளைக்கவில்லை. அளந்தார்.

நம் காலத்திலும் அத்தகையோர் உண்டு. 1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் மேல் வளிமண்டலத்தை ஆராய்வதற்காகவே ஏவப்பட்டது. அந்தக் குழுவில் இராமேஸ்வரத்து இளைஞர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாமும் இருந்தார். காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் உள்ள காதங்கி என்ற ஊரில், தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ரேடார் ஒன்று 1,024 ஆன்டெனாக்களுடன் விரிந்து கிடக்கிறது. இடையடுக்கு, மீள் அடுக்கு, கீழடுக்கு ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளே அதன் பெயர்: எம்.எஸ்.டி. ரேடார். அங்கே நம் மதரஸாப் பிள்ளைகளை ஒருமுறையேனும் அழைத்துச் செல்ல முயன்றிருக்கிறோமா? ஏழு கோடுகள் கொண்ட படத்தைப் பகிர்வது எளிது; இயற்பியல் படிப்பது கடினம். எளியதையே தேர்ந்தெடுத்துவிட்டோம்.

நாம் விசாரிக்கப்படும் அடுக்கு

இப்போது கீழே வருவோம். வளிமண்டலத்தின் மொத்த எடையில் முக்கால் பங்குக்கு மேல் கீழடுக்கில்தான் இருக்கிறது. மழையும் மேகமும் புயலும் அங்கேதான். நாம் உள்ளிழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அங்கிருந்தே வருகிறது. அதன் அடிமட்டத்தில் நம் ஊர்கள் இருக்கின்றன: பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், இராணிப்பேட்டை. காட்பாடியிலிருந்து மேற்கே செல்லும் இரயிலில் ஆம்பூர் நெருங்குவதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம் என்று வெளியூர்க்காரர் கேலி பேசுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். தோல் தொழில் நமக்குச் சோறு போட்டது; பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் கல்லூரிகளையும் எழுப்பியது. அதை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் நன்றி, கேள்வி கேட்பதற்குத் தடையாகக் கூடாது.

குளிர்கால அதிகாலையில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்கிறது. உயரம் கூடினால் வெப்பம் குறையும் என்ற விதி அந்தச் சில மணி நேரம் தலைகீழாகிறது. அப்போது கொதிகலனின் புகையும் கழிவின் நாற்றமும் மேலே எழ வழியின்றித் தாழ்வாகத் தேங்குகின்றன. பாலாற்றை ஒட்டி மலைகள் சூழ்ந்துள்ள நம் பகுதியில் அந்தத் தேக்கம் எளிதில் கலைவதில்லை. ஃபஜ்ருக்குப் பள்ளிவாசலுக்கு நடப்பவர் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான்.

இன்னும் கீழே இறங்குவோம், கழிவுத் தொட்டிக்குள். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்ஃபைடு பயன்படுகிறது. அந்தக் கழிவோடு அமிலக் கழிவு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு பிறக்கிறது. அது காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியில் தேங்கும். சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டை போல நாறும். செறிவு மிகுந்தால் முகரும் உணர்வையே மரக்கச் செய்துவிடும். ஆகவே இறங்கும் தொழிலாளிக்கு எச்சரிக்கையே கிடைப்பதில்லை. அவர் விழுகிறார், காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் விழுகிறார். வாயுவை அளக்கும் கருவியும், காற்றோட்டமும், சுவாசக் கருவியும், மேலே கயிற்றுடன் ஓர் ஆளும் இருந்தால் தடுக்கக்கூடிய மரணம் இது.

2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி இடிந்து 10 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதற்கும் முன்னரே, 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதை அத்தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் பாடநூல்களில் நம் மாவட்டத்தின் பெயர் இவ்வாறு இடம்பெற்றிருப்பது நமக்குப் பெருமையா?

நம் மார்க்கம் இதைப் பற்றிப் பேசவில்லையா? பச்சைப் பூண்டோ வெங்காயமோ உண்டவர் பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மனிதர்களுக்கு நோவு தருவது வானவர்களுக்கும் நோவு தருகிறது என்று காரணமும் கூறினார்கள். ஒரு மனிதரின் வாய் நாற்றம் பக்கத்தில் நிற்பவரைத் துன்புறுத்தக் கூடாது என்றால், ஓர் ஊரின் காற்றையே துன்பமாக்குவது எப்படி ஆகுமானதாகும்? தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்ற நபிமொழி ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கடலிலும் தரையிலும் குழப்பம் தோன்றியது மனிதர்களின் கைகள் சம்பாதித்ததால்தான் என்று 30:41 வசனம் கூறுகிறது. வானத்தை உயர்த்தித் தராசை நிறுவிய இறைவன், அந்தத் தராசில் வரம்பு மீறாதீர்கள் என்று 55:7, 8 வசனங்களில் எச்சரிக்கிறான். ஆனால் நம் மேடைகளில் 67:3 வசனம் படத்தோடு வருகிறது. 30:41 எப்போதாவது ஒருமுறைதான் வருகிறது.

ஆகவே நாம் கேட்பவை இவை. கதீப்மார்கள் ஏழு அடுக்கு வாதத்தை மிம்பரிலிருந்து இறக்கிவிட வேண்டும். அந்த ஜும்ஆ நேரத்தில் தொட்டியில் இறங்கும் தொழிலாளியின் உயிரைப் பற்றிப் பேச வேண்டும். தொழிற்சாலை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் ஹஜ்ஜுக்கும் ஸகாத்துக்கும் கணக்குப் பார்க்கும் அதே கவனத்துடன், வாயு அளக்கும் கருவி இருக்கிறதா, பயிற்சி பெறாதவரை உள்ளே இறக்குகிறோமா என்றும் கணக்குப் பார்க்க வேண்டும். இறங்குபவர் முஸ்லிமா, தலித் சகோதரரா, வங்காளத்திலிருந்து வந்தவரா என்ற வேறுபாடு மறுமையில் எவரையும் காப்பாற்றாது. ஜமாஅத் நிர்வாகிகள் நன்கொடை பெறும்போது கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்க வேண்டும். பெற்றோர் அடுத்த முறை அந்த வண்ணப் படம் கைப்பேசிக்கு வரும்போது, பிள்ளைகளை அருகில் அழைத்து 67:5 வசனத்தையும் சேர்த்து ஓதிக் காட்ட வேண்டும். குர்ஆனுக்கு வளிமண்டலத்தின் சான்றிதழ் தேவையில்லை என்று அவர்கள் அன்றே அறிந்துகொள்வார்கள்.

ஏழு வானங்களை அல்லாஹ் தூணின்றி உயர்த்தினான். அவற்றைத் தாங்கும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைக்கவில்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது நம் மூக்குக்கு எட்டும் இந்தக் காற்றும், இந்தத் தண்ணீரும், நமக்காக உழைப்பவரின் உயிரும்தான். அந்த அமானிதத்தைப் பேணுவோராக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்புரிவானாக. ஆமீன்.